குரூசர் பைக்கின் எக்சாஸ்ட்டை மாத்தப் போறீங்களா? வாங்குமுன் இதைப் படிங்க

ஆசையாய் ஹோண்டா ரெபெல் 500 வாங்கியாச்சு. ஓட்ட சுகம்தான். ஆனா சத்தம்? "தையல் மெஷின் மாதிரி இருக்கே" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அன்று இரவே நீங்கள் எக்சாஸ்ட் விலையைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

கொஞ்சம் பொறுங்க.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். கடைசியில் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றுவது 'ஸ்லிப்-ஆன்'. எஞ்சினிலிருந்து வரும் குழாயையும் சேர்த்து மாற்றுவது 'ஃபுல் சிஸ்டம்'. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பல பைக்குகளில் அந்த முன்குழாயில்தான் இருக்கிறது. ஃபுல் சிஸ்டம் போட்டால் அதுவும் போய்விடலாம்.

"பெரிய குழாய் போட்டா பவர் ஏறும்" என்பார்கள். குரூசருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. குரூசரை நாம் பெரும்பாலும் குறைந்த ஆர்பிஎம்மில்தான் ஓட்டுகிறோம். குழாய் அகலமானால் அந்த வேகத்தில் புகை மெதுவாக வெளியேறும். சிக்னலில் கிளம்பும்போது கிடைக்கும் இழுவை குறையலாம்.

இன்னொன்று, காற்று அதிகமாகி எரிபொருள் விகிதம் குறைந்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். த்ராட்டிலை விடும்போது 'பட் பட்' என்று வெடிக்கும். அதை ஸ்டைல் என்று நினைப்பவர்களும் உண்டு! சரிசெய்ய இசியூவை மறுபடி ட்யூன் செய்யணும். அது தனிச் செலவு.

சத்தத்தின் கணக்கும் வேற மாதிரி. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். இரவு 11 மணிக்கு வீவக கார்நிறுத்தத்தில் ஸ்டார்ட் செய்தால் அடுத்த புளோக் பாட்டியும் எழுந்துவிடுவார்.

சட்டம் என்ன சொல்லுது? சிங்கப்பூரில் எக்சாஸ்ட்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மீறினால் அபராதம், சிறைத்தண்டனைகூட விதிக்கப்படலாம். பெட்டியில் ஐரோப்பிய 'இ' முத்திரை இருப்பது நல்லதுதான், ஆனா அதுவே உள்ளூர் ஒப்புதல் ஆகிவிடாது. ஜொகூர் பாருவில் மலிவாகப் போட்டுக்கொண்டு வந்தாலும் இங்கே பதிவான பைக்குக்கு இதே விதிதான். சத்தத்தை அடக்கும் 'டிபி கில்லரை' பிறகு கழற்றிவிடுவதும் வம்பு. பைக்குக்கு 3 வயதானதும் ஆண்டுதோறும் வாகனச் சோதனை வேற இருக்கு.

எனவே பணம் கட்டுமுன் கடைக்காரரிடம் கேளுங்க: "என் மாடலுக்கு இதற்கு ஒப்புதல் இருக்கா? ஆவணம் காட்டுங்க." மழுப்பினால் வேறு கடை பாருங்க. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்க.

கழற்றிய பழைய எக்சாஸ்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பைக்கை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்கக்கூடும்.