கைப்பேசிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

பிள்ளை எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருந்தால் கவலை வரத்தான் செய்யும். ஆனால், அதே கருவி ஆய்வுக்கூடமாகவும் மாறும் என்பதை அறிவீர்களா?

நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' திட்டத்தைத் தொடங்கினார். அதன் இணையத்தளத்தில் அறிவியல், கணிதச் சோதனைகளை இலவசமாகச் செய்து பார்க்கலாம். ஆசிரியரைக் கேட்டால் தேடித் தருவார்.

மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவற்றைப் பிள்ளை விரலால் இழுத்து இணைக்க வேண்டும். சுற்று முழுமையானால் விளக்கு எரியும். விளக்கை விட்டுவிட்டு, மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தாலோ, திரையில் தீப்பற்றும்! கை சுடாது, காசும் போகாது. ஏன் பற்றியது என்று யோசித்து, பிள்ளை மறுபடியும் செய்யும். அங்கேதான் கல்வி பிறக்கிறது.

தோட்டத்தில் இணையம் சரியாகக் கிடைக்கவில்லையா? பட்டணத்துக்குப் போகும்போது பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பல சோதனைகள் இணையமின்றியும் இயங்கும்.

ஓர் எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்து பார்க்கக் கூடாதென்று கண்டித்துச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். "விளக்கு ஏன் எரியவில்லை?" என்று கேளுங்கள். அதற்குப் படிப்பு தேவையில்லை, அக்கறை போதும். விடையைப் பிள்ளை தேடிக்கொள்ளும்.