மலைப்பாதை வண்டிகளில் விசைப் பகிர்வுப் பெட்டி: பொருத்துமுன் அறிய வேண்டியவை

தண்ணீர்மலை அடிவாரத்தில், 1884-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் வாயிலருகே தொடங்கும் சாலையொன்று, கொடிமலையின் உச்சிப் பகுதிவரை ஏறிச் செல்கிறது. சாலான் துங்கு யஹ்யா பெட்ரா என்பது அதன் பெயர். மக்கள் வழக்கில் அது ஜீப் பாதை. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தை அது கடக்கிறது. சராசரியாக ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் 13 மீட்டர் ஏற்றம். கொண்டையூசி வளைவுகளில் அது இன்னும் கூடுதல். 1923 முதல் ஓடும் மலை இரயில் பயணிகளைச் சுமந்தாலும், பொருள்களை ஏற்றி இறக்கவும் இரயில் ஓடாத நாள்களில் உதவவும் இச்சாலையே துணை. 2017 நவம்பர்ப் பெருமழையில் மண்சரிவுகளால் இது துண்டிக்கப்பட்டபோது இதன் அருமை நன்கு புலப்பட்டது.

இத்தகைய சாலையில் உரிமத்துடன் செல்லும் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் அடியில், கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. பட்டறைகளில் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்றே அதனை வழங்குவர். இக்கட்டுரையில் அதனைப் பகிர்வுப் பெட்டி எனக் குறிப்போம். வண்டியுடன் வந்த பெட்டியை நீக்கி, வெளிச்சந்தையில் கிடைக்கும் வேறொன்றையோ அதனுள் அமையும் புதிய பற்சக்கரங்களையோ பொருத்தும் ஆர்வம் இளைஞரிடையே மிகுந்துள்ளது. அவ்வாறு பொருத்துவதால் கிடைப்பது எது, அதற்காகக் கொடுக்கும் விலை எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியின் இரு பணிகள்

முதற்பணி பகிர்வு. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அது பிரித்தளிக்கிறது. இரண்டாம் பணி குறைப்பு. ஓட்டுநர் சிறு நெம்புகோலைத் தாழ்நிலைக்கு மாற்றும்போது சுழற்சியின் வேகம் குறைகிறது. குறைந்த அளவுக்கு முறுக்குவிசை பெருகுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் பகிர்வுப் பெட்டியில் தாழ்நிலை விகிதம் 1.97. அதாவது, உள்ளே வரும் தண்டு ஏறத்தாழ இருமுறை சுழன்றால் வெளிச்செல்லும் தண்டு ஒருமுறை சுழலும்.

கணக்கைத் தெளிவாகக் காண சுசுகி நிறுவனத்தின் சாமுராய் என்னும் சிறிய வண்டியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஜிம்னி என்ற பெயரால் அறியப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இந்தியாவில் 1985 முதல் மாருதி ஜிப்சி என வழங்கியதும் அக்குடும்பமே. அதன் முதற் கியர் விகிதம் 3.652, பகிர்வுப் பெட்டியின் உயர்நிலை 1.409, தாழ்நிலை 2.268, அச்சின் விகிதம் 3.727. இவற்றைப் பெருக்கினால் தாழ்நிலை முதற் கியரில் மொத்த விகிதம் ஏறத்தாழ 30.9 ஆகும். எஞ்சின் 30.9 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்பது இதன் பொருள்.

வெளிச்சந்தையில் பெயர்பெற்ற ஒரு பற்சக்கரத் தொகுதி, தாழ்நிலையை 2.268-இலிருந்து 4.16-ஆக மாற்றுகிறது. மொத்த விகிதம் 56.6 ஆகிவிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுழற்சியில் முனகிக்கொண்டிருக்க, சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனக் கொண்டால், பழைய பெட்டியில் வண்டி மணிக்கு 3.3 கிலோமீட்டர் நகரும், புதியதில் 1.8 கிலோமீட்டர் மட்டுமே. பாறை நிறைந்த காட்டுப்பாதையில், ஒவ்வொரு கல்லின்மீதும் சக்கரத்தை நிதானமாக ஏற்றி இறக்க இவ்வேகம் பெருந்துணை. கிளட்சை அரைகுறையாக மிதித்துத் தேய்க்கும் தேவையும் குறைகிறது.

இறக்கத்தின் கணக்கு

ஏற்றத்திற்காகவே தாழ்நிலை என்று பலர் கருதுவர். ஆயினும் உயிரைக் காப்பது இறக்கத்தில்தான். ஆட்களுடன் 1,200 கிலோகிராம் நிறையுள்ள வண்டி 650 மீட்டர் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 76 இலட்சம் ஜூல். நம் ஊர் வெப்பநிலையில் உள்ள 26 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பினால் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் வட்டுகளிலும் உருளைகளிலும் சேரும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது.

தாழ்நிலையில் இறங்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில், பழைய பெட்டியின் தாழ்நிலை முதற் கியர் வண்டியை மணிக்கு 12 கிலோமீட்டர் அளவில் நிறுத்திவைக்கும். இரண்டாம் கியர் 23 அளவில். ஜீப் பாதை போன்ற தளமிட்ட சாலைக்கு இவ்விரண்டும் தாராளமாகப் போதும். புதிய தொகுதியின் இரண்டாம் கியரைக் கணக்கிட்டால் மொத்த விகிதம் 30.2, அது பழைய முதற் கியருக்கு ஏறத்தாழச் சமம். ஆகவே, புதிய தொகுதியை வாங்குவோர் உண்மையில் வாங்குவது, இருக்கும் கியர்களுக்குக் கீழே மேலும் ஒரு படி. கரடுமுரடான காட்டுப்பாதைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் செல்வோர்க்கு அப்படி தேவைப்படும். கொடிமலைக்கு ஏறி இறங்குவோர்க்கு அதனால் பயன் சிறிது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இவ்வகைப் பெட்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தின்போது முன்தண்டும் பின்தண்டும் இறுகப் பிணைக்கப்படுகின்றன. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்லும். மண்ணில் சக்கரம் சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் அதற்கு இடமில்லை. தண்டுகளில் முறுக்கம் ஏறி, திசைமாற்றி கனத்து, இறுதியில் பற்சக்கரமோ மூட்டோ உடையும். கையால் பூட்டித் திறக்கும் முன்சக்கர மையப்பூட்டு உள்ள வண்டிகளில், உலர்ந்த தளத்தில் அதனைத் திறந்துவிட்டுத் தாழ்நிலையைப் பயன்படுத்துவோர் உளர். அப்போது முழுவிசையும் பின் அச்சுக்கே செல்வதால் முடுக்கியை மென்மையாக மிதித்தல் இன்றியமையாதது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

சாமுராயின் பகிர்வுப் பெட்டி கியர்ப் பெட்டியோடு ஒட்டியதன்று. குறுந்தண்டு ஒன்று இரண்டையும் இணைக்கிறது. பெட்டி மூன்று இரப்பர்த் தாங்கிகளில் தொங்குகிறது. இதனால் உள்ளேயிருக்கும் பற்சக்கரங்களை மட்டும் மாற்றினால் வெளிக்கூடும் தண்டுகளும் அப்படியே நிலைக்கும். முற்றிலும் வேறொரு பெட்டியை வைப்பதாயின் கீழ்க்காண்பவற்றை வாங்குவதற்கு முன்பே அளந்தறிய வேண்டும்.

முதலாவது, முன்னோக்கிய வெளித்தண்டு எப்பக்கம் அமைந்துள்ளது என்பது. முன் அச்சின் டிஃபரன்ஷியல் வலப்புறமிருக்க, பெட்டியின் தண்டு இடப்புறம் வந்தால் அப்பெட்டி அவ்வண்டிக்கு ஆகாது.

இரண்டாவது, தண்டுகளின் கோணம். யுனிவர்சல் மூட்டு ஒன்று சாய்வாகச் சுழலும்போது, ஒரு சுற்றில் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை மூட்டு அதே அளவு கோணத்தில் அமைந்தால் அவ்வேறுபாடு நீங்கும். இல்லையேல் அதிர்வு தொடர்ந்து தாங்கிகளைத் தின்றுவிடும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். அச்சு மேலும் கீழும் அசையும்போது தண்டு நீளவும் குறுகவும் சறுக்குமூட்டில் போதிய இடமும் வேண்டும்.

மூன்றாவது, தாங்கிகள். பெருகிய முறுக்குவிசை பெட்டியையே திருப்ப முயலும். பழைய இரப்பரில் வெடிப்பிருந்தால் முதல் ஏற்றத்திலேயே அறுந்துவிடும்.

நான்காவது, மூச்சுக்குழாய். ஓடிச் சூடேறிய பெட்டி ஆற்றுநீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் எண்ணெய்த் தடுப்பு வளையங்களின் வழியே நீர் உட்புகும். குழாயை உயரமான இடத்துக்கு நீட்டிக் கட்டுதல் எளிய காப்பு. வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துவிட்டது என அறிக.

ஐந்தாவது, கைபிரேக். இக்குடும்பத்தின் சில வண்டிகளில் கைபிரேக் உருளை, பின்சக்கரங்களில் இல்லாமல் பகிர்வுப் பெட்டியின் பின்புறத்திலேயே உள்ளது. பெட்டியை மாற்றினால் கைபிரேக்கும் போய்விடும். மாற்று ஏற்பாடு முடியும்வரை அவ்வண்டியைச் சாலைக்கு எடுத்தல் ஆகாது.

வேலையின்போது வண்டியை ஜாக்கியின்மீது மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுத்தல் கூடாது. சட்டகத்தின்கீழ் உறுதியான தாங்குகால்களும் சக்கரங்களுக்கு அடைகட்டைகளும் வேண்டும். தண்டுகள் கழற்றப்பட்ட வண்டியைக் கியரில் போட்டாலும் அது உருளும் என்பதை உடனிருப்போர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

விசை செல்லும் வழி

ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின், பழைய பெட்டியில் அச்சுகளுக்கு 3,000-க்குச் சற்று மேல் அளித்தது. புதியதில் 5,600-ஐத் தாண்டும். அந்த மிகுவிசையைப் பகிர்வுப் பெட்டி தாங்கலாம். அதற்குப் பின்னுள்ள தண்டுகளும் மூட்டுகளும் அச்சுகளும் பழையவையே. சிறிய சக்கரம் வழுக்கித் தப்பிக்கும். பெரிய, நன்கு பற்றும் சக்கரங்களையும் சேர்த்து மாட்டியவரின் வண்டியில் வழுக்கலுக்கு வழியில்லை. ஆகவே வலிமை குறைந்த உறுப்பு முறியும். முடுக்கியை மெல்ல மிதிக்கும் பழக்கம் வாராதவரை இப்பெட்டியைப் பொருத்தாதிருப்பதே நன்று.

பெட்டியின் நடுநிலையும் நினைவிலிருக்க வேண்டிய ஒன்று. நெம்புகோல் நடுநிலையில் நின்றால், கியர்ப் பெட்டி முதற் கியரில் இருந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இராது. சரிவில் கியரை நம்பி நிறுத்திய வண்டி தானே உருண்டோடும். புதிய பெட்டியின் நெம்புகோல் ஒவ்வொரு நிலையிலும் முழுமையாகப் பதிகிறதா எனச் சமதளத்தில் பலமுறை சோதித்த பின்னரே மலையை நோக்கிச் செல்ல வேண்டும்.

நம் நாட்டில் வாகனங்கள் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கு உட்பட்டவை. கருத்தில் கொண்டுள்ள மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்னரே தெரிவித்து, ஒப்புதலை எழுத்து வடிவில் பெற்று, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தல் உரிமையாளரின் கடமை. பணம் கொடுத்துப் பெட்டியை வாங்கிய பின் இவற்றை நாடுவோர் சிலர். முறை அதற்கு நேர்மாறானது: முதலில் செல்லும் பாதையை ஆராய்க, அடுத்து விகிதத்தைக் கணக்கிடுக, பின் பழைய உறுப்புகளின் நிலையைச் சோதித்து, ஒப்புதலையும் பெறுக, இறுதியாகப் பெட்டியை வாங்குக. கணக்கிட்டுப் பார்த்தபின் பழைய பெட்டியே போதும் எனத் தெரிந்தால், அப்பணத்தில் புதிய பிரேக் எண்ணெயும் தாங்கிகளும் மாற்றிக்கொள்ளலாம்.