ஆடாதோடையில் தொடங்கும் கரிம வேதியியல்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் என்றுதான் சுற்றுவட்டாரத்தில் பலருக்கும் இதைத் தெரியும். வரலாறு படித்தவர்கள் இந்த ஊரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதமும் இலக்கணமும் சொல்லித்தந்த பள்ளி, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஆகியவற்றுக்கு ஒதுக்கிய செலவுக் கணக்கு அது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஆட்களையெல்லாம் சொல்லிவிட்டு, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய இருபது மருந்துகள் வரை அது பட்டியலிடுகிறது. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, லசுனாத்யேரண்ட தைலம், பில்வாதி கிருதம் என்று போகிறது அந்தப் பட்டியல்.

பெயர்தான் வடமொழி. சரக்கெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைப்பவை: ஆடாதோடை, கடுக்காய், சேங்கொட்டை, பூண்டு, ஆமணக்கு, வில்வம்.

கல்வெட்டு ஆய்வாளர்கள் பார்த்துப் பார்த்துப் பழகிய இந்தப் பட்டியலை ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியோ பி.எஸ்சி. வேதியியல் மாணவரோ கையில் எடுத்தால் என்ன ஆகும்? கரிம வேதியியல் என்றாலே மனப்பாடம் என்று நினைத்து மிரளுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது கடினம். இணையத்தில் ‘கரிம வேதியியல்’ என்று மொத்தமாகத் தேடினால் வந்து கொட்டுவது பெரும்பாலும் நீட் பயிற்சி மையங்களின் விளம்பரமும், பத்தே நிமிடத்தில் மொத்தப் பாடமும் முடிந்துவிடும் என்று ஆசைகாட்டும் காணொளிகளும்தான். பாடத்தின் பெயரைத் தேடாமல் ஒரு மூலக்கூறின் பெயரைத் தேடினால் நல்ல தளங்கள் தாமாக மேலே வருகின்றன.

எந்த மூலக்கூறு என்று முதலில் தெரிய வேண்டுமே? அதற்குச் சென்னையிலேயே வழி செய்து வைத்திருக்கிறார்கள். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக்குழு ‘இம்பாட்’ என்ற தரவுத்தளத்தை 2018இல் வெளியிட்டது. இந்திய மூலிகைகளையும் அவற்றில் உள்ள வேதிப்பொருள்களையும் இணைத்துக் காட்டும் தளம் இது. முதல் பதிப்பில் 1,742 தாவரங்கள் இருந்தன. இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்களும் 17,967 வேதிப்பொருள்களும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. தாவரவியல் பெயரைக் கொடுத்தால் இலையில் என்ன இருக்கிறது, வேரில் என்ன இருக்கிறது என்பதும், ஒவ்வொன்றின் அமைப்பு வாய்பாடும் வந்துவிடும். கணிதம் படிப்பவர்களின் கூடம் மூலிகைக்கு இப்படி ஓர் அகராதி செய்திருப்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம்.

ஆடாதோடைக்கு அங்கே முக்கியமாகக் கிடைக்கும் பெயர் வாசிசின். இனி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2004இல் தொடங்கிய ‘பப்கெம்’ தளத்துக்குப் போகலாம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்களுக்கு அங்கே தனித்தனிப் பக்கம் இருக்கிறது. வாசிசினின் பக்கத்தில் அதன் வாய்பாடு சி11 எச்12 என்2 ஓ என்று இருக்கும். அமைப்பில் ஒரு பென்சீன் வளையம், இரண்டு நைட்ரஜன், ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. சளிக்குப் பாட்டி வைத்துத் தரும் கஷாயத்தின் கசப்பில் இதற்கும் பங்குண்டு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆடாதோடையின் இந்த வாசிசினை மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். கெட்டிச் சளியை இளக்குவதற்கு மருத்துவர் எழுதித்தரும் பல இருமல் மருந்துகளின் பாட்டிலில் இந்தப் பெயர் இருக்கும். பப்கெமில் புரோம்ஹெக்சினின் படத்தைத் திறந்து, அதிலுள்ள பென்சீன் வளையத்தை மட்டும் பாருங்கள். ஓர் அமினோ தொகுதி. அதற்கு ஒரு பக்கத்து ஆர்த்தோ இடத்தில் புரோமின், எதிரே பாரா இடத்தில் இன்னொரு புரோமின். மறுபக்கத்து ஆர்த்தோ இடத்தில் மட்டும் மூலக்கூறின் மீதிப் பகுதி தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் படத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில், ‘கரிம நைட்ரஜன் சேர்மங்கள்’ பாடத்தில், அனிலினுடன் புரோமின் நீரைச் சேர்த்தால் 2,4,6-ட்ரைபுரோமோஅனிலின் வெண்ணிற வீழ்படிவாகும் என்று வருகிறது. இரண்டு ஆர்த்தோவும் ஒரு பாராவுமாக மூன்று இடத்திலும் புரோமின் ஏறிவிடும். புரோம்ஹெக்சினில் ஓர் ஆர்த்தோ இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், மற்ற இரண்டு இடங்களில் மட்டும் புரோமின் இருக்கிறது. புரோமின் ஏன் மெட்டா இடத்துக்குப் போவதில்லை? நைட்ரஜனில் இருக்கும் தனித்த இரட்டை எலக்ட்ரான் வளையத்துக்குள் உடனிசைந்து, ஆர்த்தோ, பாரா இடங்களில் எலக்ட்ரான் அடர்த்தியைக் கூட்டுகிறது; எலக்ட்ரான் கவர் பொருள் அங்கேதான் தாக்கும். ஒரே ஒரு புரோமின் போதுமென்றால் முதலில் அனிலினை அசிட்டைலேற்றம் செய்து அதன் வேகத்தை அடக்க வேண்டும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக உருப்போடும் இந்தச் செய்தி, இருமல் மருந்துப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தால் மறக்காது.

ஆமணக்கெண்ணெயும் இப்படியே. அதில் பெரும்பங்கு ரிசினோலியிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் சங்கிலியின் ஒரு முனையில் கார்பாக்சிலிக் தொகுதி, ஒன்பதாம் கார்பனில் சிஸ் இரட்டைப் பிணைப்பு, பன்னிரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில். அந்தப் பன்னிரண்டாம் கார்பன் சீர்மையற்றது என்பதால் ஒளி சுழற்சியும் வந்துவிடுகிறது. நான்கு பாடங்களுக்கு ஒரே எடுத்துக்காட்டு! நைலான்-11 இழையைத் தயாரிப்பதும் இந்த எண்ணெயிலிருந்துதான். பூண்டுக்கு அல்லிசின்; பூண்டை நசுக்கிய பிறகே நொதி வேலைசெய்து அது உண்டாகிறது என்பது கூடுதல் சுவாரசியம்.

தாளில் தட்டையாகத் தெரியும் மூலக்கூறைத் திருப்பிப் பார்க்க ‘மால்வியூ’ உதவும். உலாவியிலேயே திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம். வினை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு, லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக் கிரீவ்ஸ் உருவாக்கிய ‘கெம்டியூப் 3டி’ இருக்கிறது. எஸ்.என்.2 வினையில் கருக்கவர் பொருள் பின்பக்கமாக வந்து சேர, மற்ற மூன்று பிணைப்புகளும் காற்றில் புரண்ட குடைபோல மறுபக்கம் திரும்புவதை அங்கே கண்ணால் காணலாம். வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டி இதைப் புரியவைக்க முயலும் ஆசிரியர்களின் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

தளங்கள் எத்தனை இருந்தாலும் முதுகெலும்பாக ஒரு புத்தகம் வேண்டும். பள்ளி மாணவருக்கு அது அரசுப் பாடநூல்தான். அதிலுள்ள விரைவுக்குறியீடுகளை அலைபேசியில் வருடினால் இணையச் செயல்பாடுகளும் காணொளிகளும் திறக்கும். கல்லூரி மாணவருக்கு 2023இல் பெரிய கொடை ஒன்று கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் மக்மரி எழுதிய ‘ஆர்கானிக் கெமிஸ்ட்ரி’ உலகெங்கும் நாற்பதாண்டுகளாகப் பாடமாக இருக்கும் விலை மிகுந்த நூல். அவர் மகன் பீட்டர், நுரையீரலில் சளி கெட்டிப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் 2019இல் இறந்தார். மகனின் நினைவாக நூலின் பத்தாம் பதிப்பை ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ வழியாக யாரும் இலவசமாகப் படிக்கும்படி கொடுத்துவிட்டார் மக்மரி. முழு நூலையும் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். திருட்டு நகல் தேடி வைரஸ் வாங்கிக்கொள்ளும் அவசியம் இனி இல்லை.

புத்தகத்தில் ஓரிடம் புரியவில்லை என்றால், கலிஃபோர்னியாவில் 2008இல் தொடங்கிய ‘லிப்ரடெக்ஸ்ட்ஸ்’, ஜேம்ஸ் ஆஷன்ஹர்ஸ்ட் நடத்தும் ‘மாஸ்டர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி’ இரண்டும் கைகொடுக்கும். பின்னதில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை எடுத்து, பொறுமையாக விளக்கியிருப்பார்கள்.

நம் நாட்டு வளங்களில் முதலிடம் ‘என்.பி.டெல்’ தளத்துக்கு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. பாடங்களைப் பார்ப்பது இலவசம். சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. இதன் விரிவுரைகள் நிதானமானவை. பயிற்சி மையக் காணொளிகளின் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதலில் தூக்கம் வரும். ஆனால் ஒரு வினை ஏன் நடக்கிறது என்பதை அங்கேதான் விடாமல் சொல்கிறார்கள். ஆய்வகம் சரியாக இல்லாத பள்ளி என்றால் ‘ஓலேப்ஸ்’ தளத்தில் வினைச்செயல் தொகுதிகளுக்கான சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கலாம்; பீனாலின் மணமும் கையில் சுடும் சோதனைக்குழாயும் அதில் கிடைக்காது.

இவ்வளவும் இருந்தும் தேறாமல் போவதற்கு ஒரே காரணம்தான். காணொளி பார்ப்பதையே படிப்பு என்று நினைத்துக்கொள்வது. எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புக்குறிகளைத் தாளில் தானே போட்டுப் பார்க்காதவருக்குக் கரிம வேதியியல் வராது. பாதியில் காணொளியை நிறுத்தி, அடுத்த அம்புக்குறியைத் தானே வரைந்துவிட்டுத் தொடர்ந்தால் அரைமணி நேரப் பாடத்துக்கு ஒன்றரை மணி ஆகும். அந்த ஒன்றரை மணிதான் படிப்பு. செயற்கை நுண்ணறிவிடம் கேட்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: அது சொல்லும் அமைப்பில் கார்பனுக்கு நான்கு பிணைப்புதான் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து கை உள்ள கார்பனை அது கூச்சமில்லாமல் தந்துவிடும். சந்தேகம் வந்தால் பப்கெமில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடநூல் வீட்டிலேயே இருக்கிறது. பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுக்கும்போது கழிவது செரிசின் என்ற புரதம்; மிஞ்சும் ஃபைப்ராயின் பெரும்பாலும் கிளைசீனும் அலனினும் செரினும் சேர்ந்தது. சாயத்தொட்டியில் உள்ள சிவப்பும் மஞ்சளும் பலவும் அசோ சாயங்கள். பாடநூலில் டையசோ ஆக்கல், இணைப்பு வினை என்று வருவது இதுதான். இவற்றில் நச்சு அமீன்களாகச் சிதைபவற்றை இந்திய அரசு 1990களில் தடை செய்தது. எந்தெந்த அமீன்கள், ஏன் என்று தேடத் தொடங்கினால் ஒரு மாதத்துக்குப் போதும்.

குறை எங்கே என்றால், தமிழில்தான். பள்ளி அளவுக்குக் கல்வித் தொலைக்காட்சியும் ஆசிரியர்களின் தனிக் காணொளிகளும் உள்ளன. பட்டப்படிப்பு அளவில் வினைவழிமுறையைத் தமிழில் படிப்படியாகச் சொல்லும் தொடர்கள் அரிது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். அச்சுக்கூடமும் கப்பல் தபாலும் மட்டும் இருந்த காலத்தில் அது முடிந்திருக்கிறது. இன்று அலைபேசி ஒன்றும் வெள்ளைத்தாளும் போதும். காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் கல்லூரிகளில் வேதியியல் கற்பிப்பவர்கள், தாங்கள் நாளை நடத்தப்போகும் ஒரு வினைவழிமுறையைத் தமிழில் பதிவு செய்து பொதுவில் வைக்கட்டும். அனிலினும் புரோமினும் முதலில் வரட்டும்.