பாட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால்? சந்தேகங்களும் விளக்கங்களும்

சங்கரன்கோவிலில் ஆட்டோ, டீக்கடை, விசைத்தறிக் கூடம் என எங்கும் பென்டிரைவில் பாட்டு ஓடுகிறது. அதை ஏற்றித் தரும் செல்போன் கடைக்கு ஒருநாள் ஆடியோ நிறுவனத்தின் பெயரில் வக்கீல் நோட்டீஸ் வந்தால், சிலர் கிழித்துப் போடுகிறார்கள். சிலர் பயந்துபோய்க் கேட்ட தொகையைக் கட்டுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. நோட்டீஸ் ஒரு தரப்பின் குற்றச்சாட்டு மட்டுமே. ஆனால் பதில் சொல்லாமல் விட்டால், அந்த மௌனமே பிறகு நமக்கு எதிராகப் பேசும்.

மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்க சொற்பக் காசுதான் வாங்குகிறேன். இதுவும் குற்றமா?

ஆம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63-ன்படி தெரிந்தே உரிமை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். மறுமுறை பிடிபட்டால் குறைந்தது ஓராண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம். இது பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டமும் 2004 திருத்தத்துக்குப் பின் திரைப்படத் திருட்டுப் பிரதிகள் வரை நீள்கிறது.

நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இலவசமாகத்தான் அனுப்பினேன். எனக்கும் நோட்டீஸ் வருமா?

வரலாம். தனக்காக மட்டும் பயன்படுத்துவதற்குச் சட்டம் நியாயமான அளவில் இடம் தருகிறது. பிறருக்குப் பரப்பத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வியாபார லாபம் இல்லாத நேர்வில், தகுந்த காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. டொரண்டில் கூடுதல் கவனம் தேவை. நீங்கள் இறக்கும் அதே நேரத்தில் உங்கள் கணினி மற்றவர்களுக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டும் இருக்கும்.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

பாட்டு ஏற்றுவதை அன்றே நிறுத்துங்கள். ஆனால் பதற்றத்தில் கணினியில் உள்ளதை அழிக்காதீர்கள். தடயத்தை அழித்ததாக இன்னொரு குற்றச்சாட்டு சேரும். தபால் முத்திரை உள்ள உறையோடு நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். அதில் உள்ள செல்போன் எண்ணை அழைத்து விளக்கம் சொல்ல வேண்டாம். 7 நாள், 15 நாள் என்ற கெடு அனுப்பியவர் வைப்பது, சட்டம் வைத்ததல்ல. ஆனாலும் அதற்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போய்விடுவது நல்லது. செலவுக்கு வழியில்லாதவர்கள் சங்கரன்கோவில் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது.

பதிலில் என்ன எழுத வேண்டும்?

முதலில் கேளுங்கள். எந்தெந்தப் பாட்டு? எந்தத் தேதியில், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு உரிமை அனுப்பியவருக்கு எந்த ஒப்பந்தத்தின்படி வந்தது? கேட்கும் தொகையின் கணக்கு என்ன? செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள், செய்ததைப் பொய் சொல்லி மறைக்கவும் வேண்டாம். அவர்கள் அச்சடித்து அனுப்பும் உறுதிமொழியில் அப்படியே கையெழுத்திட்டால் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். சமரசம் என்றால், இந்தப் புகார் முழுமையாகத் தீர்ந்தது என எழுத்தில் வாங்கிய பிறகே, ரசீதோடு, வங்கி வழியாகப் பணம் கொடுங்கள். பதிலை ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் ஆட்கள் என்று சிலர் கடைக்கே வந்து கணினியை எடுக்கப் பார்த்தால்?

தனியாருக்கு அந்த அதிகாரம் இல்லை. பிரிவு 64-ன்படி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியே பறிமுதல் செய்யலாம். பறிமுதல் செய்த பொருளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். திரும்பப் பெற 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயமல்ல. நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைப்பதே முறை. வாட்ஸ்அப் வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டுபவர் மோசடிக்காரர். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

தப்பே செய்யாதவரையும் மிரட்டினால்?

அவருக்கான கவசம் பிரிவு 60. ஆதாரமின்றி மிரட்டியவர்மீது அவரே வழக்குத் தொடுத்து, தடையும் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் மிரட்டியவர் உரிய காலத்தில் உரிமை மீறல் வழக்கை நடத்தத் தொடங்கிவிட்டால் இந்தப் பிரிவு உதவாது.

மகன் ஜெர்மனியில் படிக்கிறான். டொரண்டில் பாட்டு இறக்கியதற்கு யூரோவில் பணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறதே?

அங்கே அது நடைமுறையில் உள்ள உண்மையான சட்ட நடவடிக்கை. கெடு தவறினால் நீதிமன்றத் தடையுத்தரவு வரை போகும். அங்குள்ள வழக்கறிஞர் வழியாக உறுதிமொழியைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். கட்டணத்தையும் குறைக்கக் கேட்கலாம். இந்தியாவிலிருந்து தொலைபேசியில் சமாளித்துவிட முடியாது.

ஆடித்தபசுத் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மைக்செட்டில் போடும் பாட்டுக்கும் பிரச்சினை வருமா?

சமயச் சடங்குகளில் பாட்டு ஒலிக்கப் பிரிவு 52 விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் அதையொட்டிய கொண்டாட்டங்களும் இதில் அடங்கும். மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தியது. விலக்கு ஒலிப்பதற்குத்தான். பிரதியெடுத்து விற்பதற்கு அல்ல.

பழைய பாட்டுக்கும் உரிமை உண்டா?

ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு. 1964-ல் வந்த ஒலிப்பதிவுக்கு அது 2024 இறுதியோடு முடிந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்தபின் 60 ஆண்டு. 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 வரை பாதுகாப்பு உண்டு.

2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமையைத் தந்தது. ஆகவே திருட்டுப் பிரதி அவர்கள் கூலியிலும் கைவைக்கிறது. உரிமம் பெற்ற செயலிகளைப் போனில் போட்டுக்கொடுத்துச் சேவைக்குக் காசு வாங்குவதில் தடையில்லை. கடைக்காரர்கள் அந்த வழிக்கு மாற வேண்டும். மாறுவதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டால், பயத்தில் பணம் கட்டும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.