பாட்டுக் கேட்க ஒரு மின்கம்பம்!

ஜப்பான் நாட்டில் சில இசை ரசிகர்கள் இருக்கிறார்கள். வீட்டில் உள்ள ஒலிக்கருவி சுத்தமாகப் பாடவேண்டும் என்பதற்காக அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

வாசலில் சொந்தமாக மின்சாரக் கம்பம் நட்டுக்கொண்டார்கள்!

கம்பத்தின் மேலே தனி டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மின்சாரம். பக்கத்து வீட்டு மோட்டாரின் இரைச்சல் தங்கள் பாட்டில் கலந்துவிடக் கூடாதாம்! அப்படிக் கம்பம் நட்ட ஒருவருக்கு ஏறக்குறைய 10 ஆயிரம் டாலர் செலவானது. 2016-ம் ஆண்டில் "வால் ஸ்டிரீட் ஜர்னல்" என்ற அமெரிக்கப் பத்திரிகை இந்தச் செய்தியை வெளியிட்டது.

அது ஜப்பான். நம் ஊரில் என்ன செய்வது?

அருப்புக்கோட்டைக்கு அப்பால், திருச்சுழி வட்டாரத்தில் இருக்கிறது பரளச்சி. வானம் பார்த்த பூமி. கோடை வந்தால் கரிசல் நிலம் வாய் பிளந்து கிடக்கும். அங்கே ஒரு வீடு. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். ஆவலோடு சுவிட்சைப் போடுகிறார்.

"ம்ம்ம்ம்..." என்று ஓர் உறுமல்! பாட்டுக்குப் பின்னால் வண்டு புகுந்ததுபோல் ஓயாத சத்தம்.

உடனே யோசனை சொல்ல இரண்டு பேர் வருவார்கள். ஒருவர், "தடித்த பவர் கார்டாக வாங்கிப் போடு, சரியாகிவிடும்" என்பார். இன்னொருவர், "பிளக்கில் மூன்றாவது பின்னைப் பிடுங்கிவிடு, சத்தம் நின்றுவிடும்" என்பார்.

முதல் யோசனையால் பணம் போகும். இரண்டாவது யோசனையால் உயிரே போகலாம்.

கண்மாயும் மடையும்

பவர் கார்டு என்பது சுவரிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வரும் ஒயர். ஐந்தடி நீளம் இருக்கும். வெளிநாடுகளில் இதைப் பல ஆயிரம் ரூபாய்க்கும், லட்ச ரூபாய்க்கும்கூட விற்கிறார்கள். இதை மாற்றினால் பாட்டு இனிக்குமா?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைந்து ஓடுகிறது. ஆம்ப்ளிபயர் அதை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதன் வோல்டேஜைக் குறைக்கிறது. ரெக்டிபயர் அதை ஒரே திசையில் திருப்புகிறது. பிறகு கெப்பாசிட்டர் என்ற உருளைகளில் அது தேங்கி நிற்கிறது.

கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் ஒரு நேரம் புரண்டு வரும். ஒரு நேரம் வராது. கண்மாய் அதைத் தேக்கி வைத்து, மடை வழியாக ஒரே சீராக வயலுக்கு விடுகிறது. கெப்பாசிட்டரின் வேலையும் அதுதான். பவர் கார்டு, வரத்துக் கால்வாயின் கடைசி ஐந்தடி. அந்த ஐந்தடிக்கு மட்டும் சலவைக்கல் பதித்தால் பயிர் செழிக்குமா?

கணக்குப் பார்த்தாலும் இதே கதைதான். சாதாரணக் கார்டில் ஒரு ஆம்பியர் மின்சாரம் ஓடும்போது குறைகிற வோல்டேஜ், ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு ஆம்பியரே அதிகம்.

ஆனால் கார்டை மாற்றியே தீரவேண்டிய நேரமும் உண்டு. ரப்பர் வெடித்திருந்தால், பிளக் சுட்டால், நடுவில் முறுக்கி டேப் ஒட்டியிருந்தால், இன்றே மாற்றுங்கள். தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும். அது ஸ்பீக்கரில் "படபட" என்று கேட்கும். தீப்பிடிக்கவும் கூடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மூன்று கம்பிக் கார்டு போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண் என்பது என் கருத்து.

உறுமல் எங்கே பிறக்கிறது?

ஆம்ப்ளிபயரோடு டி.வி.யை இணைத்திருக்கிறீர்களா? டி.வி.க்கு வரும் கேபிள் அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் விஷயம் புரிந்துவிட்டது.

அந்த ஒயர் வெளியே எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. ஆம்ப்ளிபயர் இன்னோர் இடத்தில் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே, பாட்டு வரும் ஒயர் வழியாகவே கள்ள மின்சாரம் ஓடுகிறது. அதுதான் உறுமல். டி.வி., டிஷ் பெட்டி, ஆம்ப்ளிபயர் மூன்றையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் பாட்டு ஒயரில் "ஐசொலேட்டர்" என்ற சிறு பெட்டியைப் போடலாம்.

ஒயரைக் கழற்றியும் நிற்கவில்லையா? பழைய ஆம்ப்ளிபயராக இருந்தால் கெப்பாசிட்டர் கெட்டிருக்கலாம். கண்மாய் தூர்ந்துவிட்டது என்று பொருள்! மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றவேண்டும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "கிர்ர்" என்கிறதா? குற்றம் இன்வெர்ட்டரில். 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அவற்றில் மலிவானவை பலவும் கரடுமுரடான மின்சாரத்தைத் தருபவை. "சைன் வேவ்" வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

வோல்டேஜ் தெருவுக்கே குறைவாக இருந்தால் எந்தக் கார்டும் அதை ஏற்றாது. பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. "பக்கத்திலேயே கரண்ட் செய்கிறார்களே" என்று கேட்கலாம். அந்த மின்சாரம் 4 லட்சம் வோல்ட் லைனில் ஏறி எங்கெங்கோ போகிறது. உங்கள் வோல்டேஜ், உங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஸ்டெபிலைசர் வாங்குமுன் ஆம்ப்ளிபயரின் முதுகைப் பாருங்கள். "100-240" என்று அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டாம்.

மூன்றாவது பின்

இனி அந்த இரண்டாவது யோசனை.

பிளக்கில் மேலே உள்ள பின் மற்ற இரண்டையும்விடத் தடிமனாக, நீளமாக இருக்கும். அதுதான் எர்த். ஆம்ப்ளிபயரின் இரும்புப் பெட்டியை அது பூமியோடு இணைக்கிறது. உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து பெட்டியைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பூமிக்கு இறங்கும். பியூஸ் போய்விடும். அதோடு சரி.

பின்னைப் பிடுங்கிவிட்டால்? உறுமல் நிற்கும். பாட்டு நன்றாகக் கேட்கும். ஒரு நாள் அம்மா ஈரத் துணியோடு அந்தப் பெட்டியைத் துடைக்க வருவாள். மின்சாரம் அவள் உடம்பு வழியாக இறங்கும்.

பின் இருந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு. எர்த் ஒயர் முடிவது வீட்டுக்கு வெளியே ஒரு குழியில். சுமார் எட்டடி இரும்புக் குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டிருப்பார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் எளிதில் இறங்கும். கரிசல் காய்ந்து வெடித்தால் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழும். எர்த் இருந்தும் இல்லாத கணக்கு!

ஆகவே இந்தச் சீமையில் இன்னொரு காவலும் வேண்டும். மெயின் பலகையில் "ஈ.எல்.சி.பி." என்ற சுவிட்ச். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் ஒன்றா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையைக் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டவேண்டும். அதில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்கிப் பாருங்கள். சுவிட்ச் விழுந்தால் வேலை செய்கிறது.

"குடிக்கவே குடம் தூக்குகிறோம். குழிக்கு வேறு தண்ணீரா?" என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல தண்ணீர் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் போதும். பங்குனி முதல் மழை விழும்வரை வாரம் ஒரு குடம் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் ஊற்றவேண்டியதில்லை. குழிக்கு மேல் ஒரு மூடி இருக்கட்டும். ஆட்டுக்குட்டி காலை விட்டுவிடும்.