அண்ணப்பிளவு ஆபரேஷனுக்குப் பிறகு



மேல் அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைக்கு வழக்கமாக 9 முதல் 18 மாதத்திற்குள் ஆபரேஷன் செய்கிறார்கள். 'தையல் போட்டாச்சு, வேலை முடிஞ்சது' என்று இருந்துவிடக் கூடாது. தையல் ஆறும் முதல் 3 வாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. தையல் விட்டுப்போனால் அண்ணத்தில் ஓட்டை விழும். பால் மூக்கு வழியே வரும். மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம்.

என்ன கொடுக்கலாம்?

டாக்டர் சொல்லும் நாள் வரை வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர், தண்ணியாகக் கரைத்த கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். குழந்தையை உட்கார வைத்து டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். ஸ்பூனை வாய்க்குள் விடாதீர்கள். கடைசியில் காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு வாய் கொடுத்தால் வாய் சுத்தமாகும். முறுக்கு, பிஸ்கட், உறிஞ்சு குழல் கூடாது. தாய்ப்பால் கொடுப்பது பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது கூடாது?

விரலோ பொம்மையோ வாய்க்குள் போகக் கூடாது. இதற்காகச் சில ஆஸ்பத்திரிகளில் முழங்கை மடங்காமல் அட்டை கட்டி அனுப்புவார்கள். பிள்ளை அழுகிறதே என்று இரண்டு கையையும் அவிழ்த்து விடாதீர்கள். ஒரு கையை அவிழ்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக் கட்டிய பிறகே அடுத்த கையை அவிழ்க்க வேண்டும். தொக்கம் எடுப்பது, விரல் விட்டு நாக்கு வழிப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது எந்தக் குழந்தைக்குமே ஆகாது. இந்தக் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

முதல் ஓரிரு நாள் எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வரலாம். ஆனால் சிவப்பாக ரத்தம் வடிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, எதுவும் குடிக்காமல் சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பேச்சும் காதும்

அண்ணம் மூடினாலும் பேச்சு தானாகத் திருந்திவிடும் என்று சொல்ல முடியாது. சில பிள்ளைகள் மூக்கால் பேசும். பேச்சுப் பயிற்சி தந்தால் பலன் உண்டு. இந்தக் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் காது மந்தமாகலாம். ஆகவே காதையும் சோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் அண்ணப்பிளவுக்கு இலவச சிகிச்சை உண்டு. விவரத்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

'கிரகணத்துல வெளிய வந்தா, அதான் இப்படி' என்று தாயைக் குறை சொல்லாதீர்கள். கருவான முதல் 3 மாதத்திற்குள் அண்ணத்தின் இரு பக்கமும் கூட வேண்டும். அது கூடாமல் போனதற்குக் கிரகணம் காரணமல்ல. ராத்திரி முறை வைத்துக் குழந்தையைப் பாருங்கள். டாக்டர் வரச் சொன்ன தேதிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். தையல் போடுவது டாக்டர் வேலை. அதைக் காப்பது தாய் தந்தை இருவரின் வேலை.