140 கிரெடிட்டில் 24

சிங்கிள் ஜெர்சி துணி, 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்). டி-ஷர்ட்டின் உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22 செ.மீ., தையலுக்கும் மடிப்புக்கும் 10 செ.மீ. கூட்டினால் 102. அரை மார்பு 52 செ.மீ., அதற்கு 4 சேர்த்து 56. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னுமாக 2-ஆல் பெருக்கினால் 1.1424 சதுர மீட்டர். 180-ஆல் பெருக்க, ஒரு பீஸுக்கு 205.6 கிராம் துணி. கழிவுக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 226.2 கிராம். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேரும் பட்டதாரி தொடக்கத்திலேயே போட வேண்டிய கணக்கு இது.

அந்த 10 விழுக்காடு விட்டுப்போனால், 20,000 பீஸ் ஆர்டரில் 411 கிலோ துணி குறையும். சாயமிட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,64,400 ரூபாய். குறைந்த துணியைத் திரும்பச் சாயமேற்றும்போது ஷேட் மாறினாலோ, ஷிப்மென்ட் தள்ளிப்போனாலோ ஆகும் செலவு இதில் சேராது. சூத்திரத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். எந்தத் துணிக்கு 10, எதற்கு அதற்கும் மேல் என்பது கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1984-இல் ஏறத்தாழ 10 கோடி ரூபாய். 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். விலைவாசி உயர்வைக் கழிக்காமல் பார்த்தால் 4,000 மடங்கு. நேரடியாக வேலை செய்வோர் சுமார் 6 லட்சம் பேர்.

கல்லூரிப் பக்கம் திரும்பினால், 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.0 விழுக்காடு; இந்தியச் சராசரி 28.4. படிப்பது நம் மாநிலத்தில் பெருமளவு நடந்துவிட்டது. படித்தபின் என்ன ஆகிறது என்பதற்கு நாடு முழுமைக்குமான ஓர் எண் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 விழுக்காடு. இதைக் கொண்டு படிப்பே வீண் என்று சொல்வது தவறு. வசதியற்றவர் கிடைத்த வேலைக்குப் போயாக வேண்டும். பட்டதாரி சில காலம் காத்திருக்க முடிகிறது. ஆனாலும் 8 மடங்குக்கு மேலான இடைவெளி முழுவதையும் காத்திருப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது.

படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான இந்த இடைவெளியைத் திருப்பூர் முன்பே உணர்ந்தது. 1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் (டீ), 1997-இல் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டுடன் சேர்ந்து முதலிபாளையத்தில் பின்னலாடைக் கல்வி நிலையத்தை உருவாக்கியது. இன்று அது நிஃப்ட்-டீ கல்லூரி. பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் பட்டம் தருகிறது. ஆள் தேவைப்படும் தொழிலே கல்லூரி கட்டிய முன்மாதிரி அது. எல்லாக் கல்லூரிக்கும் அந்தப் பின்புலம் வாய்க்காது. மற்றக் கல்லூரிகளின் கையில் இருப்பது பாடத்திட்டம்.

அதில் தொழிற்பயிற்சிக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கணக்கிடலாம். தமிழ்நாட்டில் 3 ஆண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். 6 பருவங்களுக்குப் பிரித்தால் பருவத்துக்கு 23.3. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024 நெறிமுறைப்படி இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி வீதம் 60 முதல் 120 மணி நேரம். பனியன் கம்பெனிகளில் பழக்கமான ஒன்றரை ஷிப்ட் 12 மணி நேரம். ஆக, 60 மணி நேரம் என்பது 5 நாள். ஓர் ஆர்டர் கைக்கு வந்து பெட்டி கட்ட மாதக்கணக்கில் ஆகும். 5 நாளில் மாணவர் பார்ப்பது அதில் ஒரு துண்டு.

ஒரு பருவம் முழுவதையும் கொடுத்தால்? 90 வேலை நாள், நாளுக்கு 8 மணி: 720 மணி நேரம், 24 கிரெடிட். ஒரு பருவத்தின் 23.3-க்கு அருகில் வந்து நிற்கிறது, 140-இல் 17.1 விழுக்காடு. தொழிற்பழகுநர் பயிற்சி இணைந்த பட்டத்துக்கான 2025 நெறிமுறை, 3 ஆண்டுப் படிப்பில் 1 முதல் 3 பருவம் வரை இதற்கு இடம் தருகிறது.

ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் இதே 720 மணி 60 நாளில் முடிந்துவிடும். அதை ஏற்கக் கூடாது: 30 நாள் குறைந்தால் ஆர்டரின் கடைசிப் பகுதி கண்ணில் படாது. 720 மணியும் செக்கிங் மேசையிலேயே கழிந்தால் அது படிப்பே இல்லை, குறைந்த கூலிக்கு ஆள் பிடித்த கதை. மெர்ச்சண்டைசிங், சாயம், கட்டிங், தையல் என நான்குக்கும் தலா 180 மணி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தேர்வும் தொழிலை ஒட்டியே இருக்கட்டும். 20 டெய்லர்கள், 480 நிமிடம், பீஸுக்கு 8 நிமிடம்: திறன் 50 விழுக்காடு என்றால் நாளுக்கு 600 பீஸ், 60 என்றால் 720. லைனில் அந்த 120 பீஸ் எங்கே நின்றுபோகிறது என்று மாணவர் காட்டட்டும். அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

அடுத்தது பணம். தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும். 6 லட்சம் பேரில் பாதிப் பேர் அத்தகைய நிறுவனங்களில் இருப்பதாகக் கொண்டால், குறைந்தபட்சம் 7,500 இடம். 2019 விதிகள் பட்டதாரி நிலைப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன; அதில் 4,500 ரூபாயை மத்திய அரசு ஈடுசெய்தது. அந்தத் தொகைப்படி 7,500 பேருக்கு ஆண்டுக்கு 81 கோடி ரூபாய்; நிறுவனங்களின் பங்கு 40.5 கோடி ரூபாய். 40,000 கோடி ரூபாயில் இது 0.1 விழுக்காடு. எல்லோரும் பட்டதாரி நிலையினர் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது.

அதே தொகைப்படி ஒரே கம்பெனிக்குள் பார்த்தால், ஒரு மாணவருக்கு 6 மாதப் பருவத்தில் கம்பெனியின் பங்கு 27,000 ரூபாய். 6 மாணவருக்கு 1,62,000 ரூபாய். 20,000 பீஸ் ஆர்டரில் கழிவைச் சேர்க்க மறந்ததன் விலை 1,64,400 ரூபாய்.